பதினைந்தாவது பல்

மார்ச் 10, செவ்வாய். நேற்று எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது. நடத்துநரின் பல்செட் சொன்னது மொத்தம் பதின்மூன்று வரி என்று குறித்துவிட்டேன். பதினான்கு வரி. டம்ளர் தண்ணீருக்குள் கிடந்தபடி சொன்னதால் ஒரு வரியைக் குமிழி என்று நினைத்துவிட்டேன். இன்று வெளியே எடுத்து, துடைத்து, மறுபடி சொல்லக் கேட்டுத் திருத்தியிருக்கிறேன்.

இதை எழுதியவள் ஒரு பல்செட் பட்டறையில் வேலை பார்த்தாள். கண்ணாடி வெட்டும் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், ஒரே அறை, மூன்று பேர். பல் டாக்டர் எடுத்தனுப்பும் அச்சில் பிளாஸ்டர் கரைத்து ஊற்றுபவர் இருபது வருடமாக அதையே செய்து புருவம்வரை வெளுத்துப்போனதால் சுண்ணாம்பு என்றே அழைக்கப்பட்டார். அந்த வெள்ளை ஈறின் மேல் சிவப்பு மெழுகை வளைத்து, ஸ்பிரிட் விளக்கில் கத்தியைச் சூடாக்கி, பல்லைப் பல்லாக நட்டு நிறுத்துவது இவள் வேலை. ஆகவே இவள் மெழுகு. அதன்பின் மெழுகை உருக்கி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஈறு நிறப் பிசினை அடைத்து, வெந்நீரில் வேகவைத்து, மெருகு போட்டு அனுப்புவது முதலாளி. மேல்வரிசைக்குப் பதினான்கு பல், கீழ்வரிசைக்குப் பதினான்கு. ஒன்பதாவது பல்லை நடும்போது எட்டாவதின் சாய்வைச் சரிபார்த்தோமா என்று மெழுகுக்குச் சந்தேகம் வந்துவிடும். திரும்பிப்போய் எட்டைப் பார்ப்பாள். அப்போது ஏழின் மேல் சந்தேகம் வரும். "நீ ஒரு பல்லு வைக்கிறதுக்குள்ள ஒரு புள்ளைக்குப் பல்லே முளைச்சிடும்மா" என்று முதலாளி வாரம் ஒருமுறையாவது சொல்வார்.

அவள் மாலை வகுப்பில் சேர்ந்தது அதற்கு முந்திய அக்டோபரில். கணினி வகுப்பில் சேரத்தான் போனாள். அது நிரம்பிவிட்டது, உலகக் கவிதை வகுப்பில் மட்டும் இடமிருந்தது. வெள்ளிக்கிழமை ஆறரை மணிக்கு, ஒரு தொடக்கப்பள்ளியில், முழங்கால் தாடையில் இடிக்கும் சின்னப் பெஞ்சுகளில் பதினோரு பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். மூன்றாவது வாரம் ஆசிரியர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். அலுவலகத்துக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வகுப்பு தன்பாட்டுக்கு நடந்தது. வாரம் ஒருவர் ஒரு நாட்டுக் கவிதை கொண்டுவர வேண்டும் என்று ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். முதலில் அதன் சொந்த மொழியில், நம் எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு, ஒரு வாரம் மனப்பாடம். அர்த்தம் அடுத்த வெள்ளிக்கிழமைதான். மெழுகு ஒரு கோடுபோட்ட நோட்டில் நான்கு கட்டம் இழுத்தாள்: எந்த நாடு, எத்தனை வரி, சத்தம் எப்படி, மனதில் நின்றது என்ன. முதல் மூன்று கட்டங்கள் வாராவாரம் நிரம்பின. நாலாவதில் 'பிறகு எழுதவும்' என்று பென்சிலால் எழுதிவைத்தாள். கவிதை கொண்டுவரும் முறை அவளுக்கு மூன்று தடவை வந்தது. மூன்று தடவையும் தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லி அடுத்தவருக்குத் தள்ளிவிட்டாள். வீட்டில் அக்காவிடம் அதைச் சொன்னபோது, "ஊருக்கெல்லாம் பல்லு வைக்கிறே, உனக்கு வாயைத் திறக்கத் தெரியல" என்றாள் அக்கா.

ஆனாலும் மனப்பாடம் செய்தாள், ஏனென்றால் அது வீட்டுப்பாடம். மனப்பாடம் செய்ய அவளுக்குக் கிடைத்த நேரம் வேலை நேரம்தான். ஜனவரி முதல், ஒரு பல்லுக்கு ஒரு வரி என்று முணுமுணுத்துக்கொண்டே நட்டாள். வரி சொல்லியாயிற்று என்றால் பல் சரிபார்த்தாயிற்று என்று கணக்கு. சந்தேகம் நின்றது, திரும்பிப் பார்ப்பது நின்றது, வேலை வேகம் பிடித்தது. இளகிய மெழுகுக்கு ஒரு சாண் தூரத்தில் அவள் வாய் இருந்ததையும், மூச்சுக்காற்று நேராக அதன்மேல் பட்டதையும் யாரும் பொருட்படுத்தவில்லை, அவள் உட்பட.

அப்படி முதலில் வெளியே போனது ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநரின் மேல்வரிசை. அந்த வாரக் கவிதை வருடத்தில் பாதி பனி பெய்யும் ஒரு நாட்டுடையது, மொத்தமே மூன்று வரி. பதினான்கு பல்லுக்கு மூன்று வரிக் கவிதையை நான்கு தடவை முழுதாகச் சொல்லலாம், ஐந்தாவது தடவை இரண்டு வரியோடு பல் தீர்ந்துவிடும். தீர்ந்துவிட்டது. மார்ச் ஒன்பதாம் தேதி நடத்துநர் பல்லை ஒரு டம்ளரில் போட்டு, மேலே தட்டை வைத்து மூடி, மாடியேறி வந்தார். காலையில் பல்லை மாட்டியதும் தன் வாய் தானாகத் திறந்து தெரியாத பாஷையில் ஏதோ சொல்கிறது என்றும், மாட்டாவிட்டால் தண்ணீருக்குள் இருந்தே சொல்கிறது என்றும் பொக்கை வாயால் விளக்கினார். முதலாளி கைகூப்பி, மாற்றிக் கொடுத்துவிடுகிறேன் ஐயா என்றார்.

"மாத்தறது இருக்கட்டும். சொல்றதை முழுசாச் சொல்லச் சொல்லுங்க. கடைசித் தடவை பாதியில நிக்குது. தும்மல் வந்து வராத மாதிரி இருக்கு எனக்கு" என்றார் நடத்துநர்.

முழுதாக்க வழியில்லை. பதினைந்தாவது பல் என்று ஒன்று கிடையாது. மெழுகு மறுநாள் அவர் வீட்டுக்குப் போய், நோட்டிலிருந்து அந்த இரண்டு வரிகளின் அர்த்தத்தை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள். ஆறு உறைந்துவிட்டது. அக்கரையில் யாரோ கூப்பிடுகிறார்கள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"அப்புறம்?"

"அப்புறம் ஒரு வரி இருக்குங்கய்யா."

"சொல்லாத" என்று கையைக் காட்டினார் நடத்துநர். "முப்பத்திரண்டு வருஷம் விசில் ஊதியிருக்கேன். ஏறவேண்டியவனை விட்டுட்டு வண்டியை எடுத்ததில்ல. அது வரட்டும்."

ஏப்ரல் முடிவதற்குள் அதே போல இன்னும் மூன்று பல்செட்கள் ஊருக்குள் நடமாடின. ஓய்வுபெற்ற நீதிமன்ற டவாலிக்கு மாடு மேய்க்கும் மக்களின் புகழ்ப்பாட்டு ஒன்று போயிருந்தது. எண்பத்துநாலு வரி, பல்லுக்கு ஆறு வரி, முழுக்க ஒரே ஒரு பசுவைப் பற்றி. டவாலி தினமும் எட்டு மணிக்கு எழுந்து நின்று அதன் கொம்பு, திமில், வால், நடை, அதன் தாய், தாயின் தாய் என்று கட்டியம் கூறினார். முப்பது வருடம் நீதிபதிகளை அழைத்த குரல் என்பதால் தெருவே ஒதுங்கி வழிவிட்டது. பசு வரவில்லை என்பதை யாரும் ஒரு குறையாகச் சொல்லவில்லை. இஸ்திரிக் கடைக்காரியின் பல்லில் பாலைவன நாட்டு ஈரடிகள் ஏழு இருந்தன. ஒவ்வொரு ஈரடியும் வேறு சங்கதி பேசும், ஆனால் எல்லாம் ஒரே சொல்லில் வந்து விழும். மூன்றாவது ஈரடிக்கே அந்தச் சொல் எப்போது வரும் என்று துணி கொடுக்க வந்தவர்களுக்குப் பிடிபட்டுவிட்டது. ஐந்தாவதில் அவளோடு சேர்ந்து எல்லோரும் சொன்னார்கள். அதற்கு 'இன்னும்' என்று அர்த்தம் என மெழுகு சீட்டில் எழுதிக் கொடுத்தபோது, அது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும் போலத்தான் நடந்துகொண்டார்கள். பூட்டுக்காரருக்குக் குளிர்கடல் துடுப்புக்காரர்களின் பாட்டு வாய்த்திருந்தது. வரிக்கு நடுவே ஒரு வெட்டு, வெட்டுக்கு இந்தப் பக்கம் இரண்டு அழுத்தம், அந்தப் பக்கம் ஒரு அழுத்தம், மூன்றும் ஒரே எழுத்தில் உதட்டை மோதும். அவர் அந்த மோதலுக்கு ஏற்ப அரத்தை இழுக்கப் பழகிக்கொண்டார். சாவி முன்னைவிட நன்றாக வந்தது. சீட்டை மட்டும் வாங்க மறுத்துவிட்டார். "சத்தம் போதும்மா. அர்த்தம் வேற தெரிஞ்சா கவனம் சிதறிடும்."

வீட்டில் காலை நேரத்தில் தொந்தரவாக இருந்ததால், நால்வரையும் அவரவர் குடும்பத்தார் தண்ணீர்த்தொட்டிப் பூங்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே ஒரே நீளமான பெஞ்சில் உட்கார்ந்து அவர்கள் முறைவைத்துச் சொன்னார்கள். நடக்க வந்தவர்கள் நின்று கேட்டார்கள். பிறகு நிற்பதற்காகவே வந்தார்கள்.

பல் டாக்டர் மட்டும் இதை ரசிக்கவில்லை. பட்டறைக்கு வரும் வேலையில் முக்கால்வாசி அவரிடமிருந்துதான் வந்தது. மே மாதத் தொடக்கத்தில் அவரே மாடியேறி வந்து, கதவருகே நின்றபடி பேசினார். "அடுத்தது என் மாமியாரோடது. அதுல ஒரு முனகல் வந்தாக்கூட உங்களுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்ல." அவர் இறங்கிப் போனதும் முதலாளி மெழுகின் பக்கம் திரும்பினார். "கவிதையோ கத்திரிக்காயோ, என் பட்டறையில பல்லு பேசக் கூடாது. பேசிச்சுன்னா டாக்டர் என்னை விட்டுடுவாரு. நான் உன்னை விட்டுடணும்."

மெழுகு ஒழுங்காகச் சோதித்தாள். முதல் சோதனைப் பல்செட்டைக் கவிதையில்லாமல் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே நட்டாள். வெந்து வெளியே வந்த அது அலமாரியில் இருந்தபடி ஒன்றிலிருந்து பதினான்குவரை எண்ணியது. அதைச் சுண்ணாம்பு வாங்கி வைத்துக்கொண்டார், பிளாஸ்டர் கலக்கும்போது நேரம் பார்க்க வசதியாக இருந்தது. இரண்டாவதை வாயைத் துணியால் கட்டிக்கொண்டு நட்டாள். அது பேசவில்லை. டாக்டரின் மாமியாருக்கான மேல்வரிசையையும் அப்படியே வாயைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு பல்லுக்கும் நான்கு தடவை திரும்பிப் போய்ச் சரிபார்த்து, ஐந்து நாளில் முடித்தாள். அது கல் மாதிரி இருந்தது. டாக்டர் ஃபோனில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார், நல்லது என்று. முதலாளி அன்று மூவருக்கும் டீ வரவழைத்தார்.

பதினெட்டு நாள் கழித்து மாமியார் தனியாக மாடியேறி வந்தார். வெள்ளைச் சேலை, கையில் மடக்குக் குடை, மூச்சிரைப்பு. வந்ததும் மெழுகின் மேசைக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பல்லைக் கழற்றித் தட்டில் வைத்தார்.

"குத்துதாம்மா?" என்று பயந்துபோய்க் கேட்டார் முதலாளி.

"குத்தினாலாவது பரவாயில்ல. ஊமைப் பல்லு. பூங்காவுல அந்தப் பெஞ்சுலதான் நானும் உக்கார்றேன். டவாலி மாட்டைக் கூப்பிடுறாரு, இஸ்திரிக்காரி பாடுறா, நான் மட்டும் பஸ்ஸை விட்டவ மாதிரி முழிச்சுக்கிட்டு இருக்கேன். நான் என்ன பாவம் பண்ணேன்?"

"மாப்பிள்ளை கோவிச்சுக்குவாரும்மா."

"என் வாய்க்கு அவர் என்ன மாப்பிள்ளை?" என்றார் மாமியார். பிறகு மெழுகிடம் குரலைத் தணித்து, "உனக்குப் பிடிச்சது ஒண்ணு வை கண்ணு. நீளமா வேணாம். அந்தக் கண்டக்டர் பாவம், ரெண்டு வரி சொல்லிட்டு வாயைத் திறந்தபடியே உக்காந்திருக்காரு. பார்க்கச் சகிக்கல" என்றார்.

"எனக்கு எது பிடிக்கும்னு எனக்கே தெரியாதும்மா."

"தெரிஞ்சுக்கோ. நாளை மறுநாள் வரைக்கும் பாலைக் குடிச்சு ஓட்டிடுவேன். அதுக்கு மேல மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சிடும்."

முதலாளி மெருகு இயந்திரத்தைப் போட்டுவிட்டு, அந்தச் சத்தத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். தான் எதையும் கேட்கவில்லை என்பதற்கு அதுதான் அவர் வழி. மாமியார் இறங்கிப் போன பிறகும் அது சுற்றிக்கொண்டே இருந்தது. "டாக்டர் சொன்னது சொன்னதுதான். யோசிச்சுக்கோ" என்று அந்த இரைச்சலுக்கு மேல் ஒருமுறை கத்தினார்.

அன்று மாலை மெழுகு நோட்டை எடுத்து வைத்து உட்கார்ந்தாள். முப்பத்தோரு கவிதைகள், முப்பத்தோரு 'பிறகு எழுதவும்'. வேலை போனால் அக்கா வீட்டில் இன்னும் எத்தனை நாள் இருக்கலாம் என்பது ஒரு பக்கம் இருந்தது. அதைவிடக் கூச்சமாக இருந்தது, எட்டு மாதம் படித்தும் ஒன்றைக்கூடச் சுட்டிக்காட்ட முடியாதது. ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லி, பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போட்டாள். எல்லாவற்றுக்கும் ஆறரை வந்தது. அக்கா எட்டிப் பார்த்து, "பரீட்சைப் பேப்பர் திருத்துறியா? யாராவது பாஸா?" என்றாள். எல்லாருமே பாஸ்தான், அதுதான் தொல்லை என்றாள் மெழுகு.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பூங்காவுக்குப் போனாள். பெஞ்சுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாதபடி, நோட்டும் பென்சிலுமாக நின்றாள். டவாலி பசுவை அழைத்தார். இஸ்திரிக்காரியின் 'இன்னும்' ஏழு தடவை, நாற்பது பேர் வாயிலிருந்து வந்தது. பூட்டுக்காரர் துடுப்புப் போட்டார். கடைசியில் நடத்துநர். ஆறு உறைந்தது, யாரோ கூப்பிட்டார்கள், அவர் வாய் திறந்தபடி நின்றது. கூட்டமும் அப்படியே நின்றது. மெழுகு குறிப்பெழுதப் போனபோது பென்சில் கையில் இல்லை. பென்சில், நோட்டு, தோள்பை, எல்லாவற்றையும் அவள் கீழே தரையில் வைத்திருந்தாள். எப்போது வைத்தாள் என்று தெரியவில்லை. அவள் உதடு மட்டும் மூன்றாவது வரியைச் சத்தமில்லாமல் சொல்லி முடித்திருந்தது. யோசித்துப் பார்த்தால், மார்ச் மாதத்திலிருந்தே இது நடந்துகொண்டிருந்தது. பேருந்து நிறுத்தத்தில், மாடிப்படியில், அக்கா ஏதாவது சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில். அவள் குனிந்து நோட்டை எடுத்து, மூன்று வரிக் கவிதையின் நாலாவது கட்டத்தில் பென்சில் எழுத்தை அழித்துவிட்டு, பேனாவால் எழுதினாள்: வராத வரி.

பட்டறைக்குப் போய் மாமியாரின் பல்செட்டில் மேல்வரிசையின் கடைசிக் கடைவாய்ப்பல்லைக் கழற்றினாள். அந்த இடத்தில் மெழுகை இளக்கினாள். வாயில் துணி கட்டவில்லை. பல்லைத் திருப்பி நிறுத்தும்போது அந்த ஒரு வரியை ஒரே ஒரு தடவை சொன்னாள். பிறகு எட்டாவது பல்லைப் பற்றியோ ஏழாவதைப் பற்றியோ சந்தேகம் வரவில்லை. சுண்ணாம்பு எட்டிப் பார்த்தார்.

"ஒரு பல்லுதானா?"

"ஒண்ணுதாங்க பாக்கி இருந்துச்சு."

முதலாளி அதை வாங்கி வேகவைத்தார். மாமியார் வந்து மாட்டிப் பார்த்து, மெழுகு எழுதிக் கொடுத்த அர்த்தச் சீட்டை இடுப்பில் செருகிக்கொண்டார். பட்டறையில் அது வாய் திறக்கவில்லை. வீட்டிலும் இல்லை. சாப்பாட்டு மேசையில் மாப்பிள்ளை எதிரே உட்கார்ந்தபோதும் இல்லை. ஏமாற்றிவிட்டாயா என்று கேட்கத்தான் மறுநாள் காலை பூங்கா வழியாகப் பட்டறைக்குக் கிளம்பினார், போகிற வழியில் வழக்கம்போலப் பெஞ்சில் உட்கார்ந்தார். நடத்துநரின் முறை வந்தது. அவர் ஐந்தாவது சுற்றில் இரண்டாவது வரியைச் சொல்லி வாயைத் திறந்தபடி நின்றார். அப்போது பெஞ்சின் மறுகோடியில் மாமியாரின் கடைவாய்ப்பல், தெளிவாக, அவசரமில்லாமல், மூன்றாவது வரியைச் சொன்னது. நடத்துநர் தும்மினார். மூன்று மாதம் நின்றுபோயிருந்த தும்மல் என்பதால் பலமாக வந்தது. தொட்டியின் மேலிருந்த புறாக்கள் பறந்துபோய் வேறிடத்தில் உட்கார்ந்தன.

அதற்கு என்ன அர்த்தம் என்று நடத்துநர் கேட்டார். மாமியார் பையில்லாத சேலையில் சீட்டைத் தேடி, இடுப்பிலிருந்து எடுத்துப் படித்தார். வாளியைக் கீழே வைத்தேன்.

"அவ்வளவுதானா?"

"வேற என்ன வேணும் உங்களுக்கு?"

நடத்துநர் சற்று யோசித்து, ஒன்றும் வேண்டாம் என்றார். அதன்பின் தினமும் அவர் பெஞ்சின் நடுவில் உட்காராமல் மறுகோடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார், காது சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டு. ஒன்பதாவது நாள் மழை தூறியதால் மாமியாரை அழைத்துப் போக டாக்டர் குடையோடு வந்தார். வந்தவர் கூட்டத்துக்குள் நின்று இரண்டு வரியையும் கேட்டார், மூன்றாவது வரி எந்த வாயிலிருந்து வருகிறது என்பதையும் பார்த்தார். இதைக் கண்டவர்கள் பட்டறைக்கு ஓடிவந்து சொன்னார்கள். முதலாளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மெழுகு தன் கத்திகளைத் துடைத்து வரிசையாகத் துணியில் சுற்றினாள். பத்தரை மணிக்கு ஃபோன் அடித்தது. முதலாளி எடுத்து, சரிங்க, சரிங்க, ஆமாங்க என்று நாலு தடவை சொல்லிவிட்டு வைத்தார்.

"என்னவாம்?" என்றார் சுண்ணாம்பு.

"கடைவாய்ப்பல்லு கொஞ்சம் உயரமா உக்காந்திருக்காம். அந்த வரி சொல்லும்போது தாடை சாயுதாம். தேய்ச்சுக் குடுக்கணும்" என்றார் முதலாளி. "அத்தோட இன்னொரு அச்சு அனுப்புறாராம். அவங்க அப்பாவுக்கு. நீளமா ஏதாவது இருந்தா பார்க்கச் சொன்னாரு. அவருக்குப் பொழுது போகலையாம்."

மெழுகு துணியைப் பிரித்துக் கத்திகளை மறுபடி மேசையில் அடுக்கினாள்.

ஜூன் 25, வியாழன். நாளை காலை: மாமியாரின் கடைவாய்ப்பல், மேற்பரப்பில் கால் மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். வரி அதற்கும் கீழே இருக்கிறது, இரண்டு தடவை அளந்து பார்த்துவிட்டேன். டாக்டரின் அப்பாவுக்கு அச்சு ஊற்றச் சுண்ணாம்பிடம் சொல்ல வேண்டும். மாலை ஆறரைக்கு வகுப்பு, என் முறை. சாக்பீஸ் தீர்ந்துவிட்டது, போகும் வழியில் வாங்க வேண்டும்.